பக்கத்தில் படுப்பவர் சொல்வது

டிரைவர் வாயைத் திறந்து காட்டினார். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று இரண்டு தகடுகளும் பல்லோடு பல்லாகப் பொருந்தியிருந்தன. என் கைவேலை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பகல் பன்னிரண்டரை மணி. நான் கடிதம் கொடுத்தால் அவர் இரண்டு மணிக்குப் பஸ்ஸை எடுக்கலாம்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. மணிக்கு முப்பத்தெட்டு தடவை என்று தூக்க மருத்துவர் கொடுத்த சீட்டில் இருந்தது. ராத்திரி அப்படி என்றால் பகலில் கண் சொருகத்தானே செய்யும்? கம்பெனியின் மருத்துவச் சோதனையில் மாட்டிக்கொண்டாராம். பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு டெப்போ ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

காற்று ஊதும் முகமூடியை மாட்டிக்கொண்டு படுக்க அவரால் முடியவில்லை. அதனால் என்னிடம் அனுப்பினார்கள்.

தூக்கத்துக்கும் பல் டாக்டருக்கும் என்னடி சம்பந்தம் என்று என் வீட்டுக்காரரே கேட்பார், அவர் விடும் குறட்டையில் ஜன்னல் கதவு அதிர்வது தெரியாமல். கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடித்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்காது. அவ்வளவுதான் விஷயம். தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். வரும்போதெல்லாம் அதைத் திருப்பி, தாடையை இம்மி இம்மியாக முன்னால் கொண்டுவர வேண்டும்.

எதுவரைக்கும்? குறட்டை நிற்கும்வரைக்கும்.

அது நின்றதா என்று குறட்டை விடுகிறவருக்குத் தெரியாது. அதற்காகவே என் அட்டையில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: பக்கத்தில் படுப்பவர் சொல்வது. மெஷினைவிட மனைவிமாரை நம்புகிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் புருஷனுக்குப் பரிந்து பேசி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது முறை வந்தபோதே கேட்டேன், உங்கள் வீட்டம்மா என்ன சொல்கிறார் என்று.

"ஒண்ணும் சொல்றதில்ல டாக்டரம்மா."

மூன்றாவது முறையும் அதே பதில். நான்காவது முறையும் அதேதான். புகார் இல்லை என்று கட்டத்தில் எழுதினேன். திருகைத் தொடவே இல்லை. சரியாக இருப்பதைப் போய் எதற்கு நோண்டுவது?

இன்று ஐந்தாவது முறை. வெளியே பெஞ்சில் தலை தொங்கிக் கிடந்தவரை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது என்று நர்ஸ் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொன்னாள். ஏசி அப்படி இருக்கிறது என்றேன்.

உள்ளே வந்ததும் ஆளே வேறு. என் நாற்காலியில் சாய்கிறவர்கள் எல்லாரும் விளக்கு கூசிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவர் மூடுவதில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டினாலும் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்றும் அப்படித்தான். எனக்கு என்னவோ போல் இருந்தது.

மறுபடியும் தூக்கப் பரிசோதனை செய்ய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை தாங்க மாட்டேன், அந்த டெப்போ நாற்காலி என்னைக் கொன்றுவிடும் என்றார். ஆறடி மனிதர் கெஞ்சினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? கருவி நன்றாகப் பொருந்தியிருக்கிறது, குறட்டை நின்றுவிட்டதாக மனைவி தெரிவிக்கிறார், பஸ் ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பஸ் திரும்பக் கிடைத்த மனிதர் வாயெல்லாம் பல்லாக நிற்க வேண்டாமா? அவர் சிரிக்கவே இல்லை.

மனைவி தெரிவிக்கிறார் என்ற வரி அப்போதுதான் என்னைக் குடைந்தது. அந்த மகராசியின் குரலைக்கூட நான் கேட்டதில்லையே. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மனைவியின் நம்பர் என்று முதல் நாள் அவரே எழுதிக் கொடுத்தது இருந்தது. சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று என் போனை எடுத்து அழைத்தேன்.

டிரைவரின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் எடுக்கவில்லை. கட் பண்ணவும் இல்லை. மடித்த கடிதத்துக்குப் பின்னால் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது.

வீட்டம்மா போனை மறந்து உங்களிடம் விட்டுவிட்டாரா என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது.

நாலு மாதமாகத் தன்னிடம்தான் இருக்கிறது என்றார்.

அவர் என்னிடம் முதலில் வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது.

கடிதத்தைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். அவர் பையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் டெப்போவின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான பெயர் வந்தது.

அவர் என்னைத் தடுக்கவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வாயிலிருந்து தகடுகளைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க போனாலும் கார்ல எம் பக்கத்துலதான் உக்காருவா. எனக்குக் கண்ணு சொருகுறப்பல்லாம் தொடையில தட்டி எழுப்புவா. அன்னிக்கு அவளும் தூங்கிட்டா."