உடலா, மனமா

நகரத்தில் எல்லா வீட்டுச் சுவர்களும் தொழிற்கூடச் சுவர்களும் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தன. பேசுபவரின் உயிருக்கு ஆபத்தா இல்லையா என்று சுவருக்கே சந்தேகம் வந்தால், அந்தக் குரல் பரிமளாவின் காதுக்கு வரும். அவள் முன்னால் இரண்டு பொத்தான்கள். 'உடல்' என்று அழுத்தினால் அந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும். 'மனம்' என்றால் அங்கே மெல்லிய வீணை இசை ஒலிக்கும். யோசிக்க நான்கு விநாடிதான்.

செவ்வாய்க்கிழமை பகலில், ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து ஆண் குரல் வந்தது. "பிரஷர் தாங்கலப்பா."

தீபாவளி நேரம், கிடங்கில் வேலை நெருக்கும். பரிமளா 'மனம்' என்று அழுத்தினாள். வீணை ஓய்வதற்குள், அப்படிச் சொன்ன சுந்தரவேலு இறந்துபோனார். ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

"யாரா இருந்தாலும் அதைத்தாம்மா அழுத்தியிருப்பாங்க" என்றார் மேற்பார்வையாளர். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விசாரித்துக்கொண்டு இறந்தவர் வீட்டுக்குப் போனாள்.

சுந்தரவேலுவின் மனைவி ஜெயக்கொடி, வந்தவள் யாரென்றுகூடக் கேட்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"தினமும் வந்து பிரஷர் பிரஷர்னு சொல்லுவாரு. வேலையைத்தான் சொல்றாருன்னு இருந்துட்டேனே! நான்தான் கொன்னுட்டேன்."

பரிமளா பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நேத்து அவர் சொன்னது எனக்குத்தான் கேட்டுச்சுக்கா. நானும் வேலைன்னு நினைச்சுத்தான் 'மனம்'னு அழுத்திட்டேன்."

ஜெயக்கொடியின் அழுகை நின்றது. தான் பிடித்திருந்த கையைக் குனிந்து பார்த்தாள்.

"இந்தக் கையாலயா?" என்று கேட்டாள்.