திருத்தாத காப்பி

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாள் இன்றைக்கும் வெளியே வந்துவிட்டாள்.

டிக்கெட் கிழிக்கிற டார்ச் அண்ணனுக்கு இது பழகிப்போயிருந்தது. படம் வந்த நாளிலிருந்து அவள் காலைக் காட்சிக்குத் தவறாமல் வருகிறாள். கதாநாயகன் திரையில் தலைகாட்டுவதற்குள் எழுந்து போய்விடுகிறாள்.

"என்னம்மா, எழுத்து போட்டு முடிக்கிறதுக்குள்ள கிளம்பிட்டீங்க?"

"போதும்ண்ணே."

"ஹீரோவுக்கு வயசாகிப்போனதைப் பார்க்க மனசு வரலை, அதானே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படியே வெச்சுக்குங்க" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

டார்ச் அண்ணனுக்கு அவள்மேல் இரக்கம்தான். இந்தச் சாகசப் படத்தின் ஐந்தாம் பாகம் வந்தபோது அவர் தலையில் முடி இருந்தது. அதன்பின் இருபது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்துவிட்டு, இப்போது ஆறாம் பாகம் என்று கிளம்பியிருக்கிறார்கள். தாடிக்குச் சாயமும் இடுப்புக்குப் பட்டையுமாகக் கதாநாயகன் மூச்சு வாங்க ஓடுகிறார். அன்றைக்கு விசிலடித்தவர்கள் இன்றைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்து, கொட்டாவியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

படத்தில் உயிருள்ளது ஆரம்பக் காட்சி ஒன்றுதான். ஐந்தாம் பாகத்துக்காக எடுத்து, அதில் சேர்க்காமல் பெட்டியில் போட்டுவைத்திருந்ததாம். எரிகிற பாலத்திலிருந்து ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஒரே தாவல்.

ஆனால் அதிலும் ஒரு கோளாறு. தாவிய ஆள் எழுந்து நின்று, ஒரு கணம் கேமரா பக்கம் திரும்பிச் சிரித்துவிடுகிறான். அது கதாநாயகன் முகமே இல்லை. அவருக்குப் பதிலாகக் குதித்த டூப்பின் முகம். அந்த இடம் வந்தால் போதும், தியேட்டரே கைகொட்டிச் சிரிக்கும். ஊரில் எல்லார் வாயிலும் இப்போது அந்தக் கேலிதான்.

படியிறங்கப் போனவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று டார்ச் அண்ணன் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. நாளையிலிருந்து திருத்தின காப்பி வருது. அந்த டூப்பு மூஞ்சியை எடுத்துட்டு, ஹீரோவோட சின்ன வயசு மூஞ்சியைக் கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டாங்களாம். பழைய ஹீரோவை அப்படியே பார்க்கலாம்."

அவள் நின்றாள்.

"நாளையிலிருந்தா?"

"ஆமா. மேனேஜர்தான் சொன்னாரு."

"இந்தக் காப்பியை என்ன பண்ணுவாங்க?"

"அழிச்சிடுவாங்க. பின்னே, வெச்சுக் கும்பிடவா போறாங்க?"

அவள் சுவரோரமாகப் போய்ச் செல்போனில் மகளைக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆளில்லாத வராந்தாவில் எல்லாம் கேட்டது.

"பெர்மிஷன் கேளு. தரலைன்னா சொல்லாம வந்துடு... நீ வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு தெரியும். உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னுதான் நானும் இருந்தேன். இன்னிக்கு விட்டா இனிமே இல்லடி."

'ஒரு நடிகனுக்காக, பெத்த பொண்ணோட வேலைக்கே உலை வைக்கிறாளே' என்று டார்ச் அண்ணன் நினைத்துக்கொண்டார். பைத்தியத்திலும் பல ரகம் உண்டு.

மதியக் காட்சி வரைக்கும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கொடுத்த டீ பக்கத்திலேயே ஆறி ஆடை கட்டியது.

மணி அடித்து, விளக்கு அணைகிற நேரத்துக்கு மகள் ஓடி வந்தாள். இருபது வயதைத் தாண்டியிருப்பாள். சூப்பர் மார்க்கெட் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"பில் கவுண்டர்ல ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ!"

"வா" என்றாள் தாய்.

டார்ச் அண்ணன் வெளிச்சம் காட்டி இருவரையும் உட்கார வைத்தார். அப்படியென்னதான் பார்க்கிறாள் என்று அவரும் ஓரமாக நின்றுகொண்டார்.

பாலம் எரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிய ஆள் தாவினான். ரயில் கூரையில் புரண்டான், எழுந்தான், திரும்பினான். தாவல் சரியாக அமைந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. கண் இரண்டும் இடுங்க, தெற்றுப்பல் தெரிய வாய் நிறையச் சிரித்தான்.

"டூப்புடா டோய்!" என்று யாரோ கத்தினார்கள். தியேட்டர் அதிர்ந்தது. டார்ச் அண்ணனும் வழக்கம்போலச் சிரித்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தார். தாய் திரையைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் முன்சீட்டின் விளிம்பைப் பிடித்தபடி, இமைக்காமல், எழுந்துவிடுகிறவள்போல முன்னால் சாய்ந்திருந்தாள்.

திரையில் கதாநாயகனின் கிழட்டு முகம் வந்தது. விசில் பறந்தது. மகள் மெல்லத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா சிரிச்சா இப்படியாம்மா இருப்பாரு?"