ஃப்ரெண்டுக்கு ஒரு சந்தேகம்

"எனக்கில்ல சிஸ்டர், என் ஃப்ரெண்டுக்குத்தான் ஒரு சந்தேகம்."

மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டிருந்த கனகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு இசைவாணி. மணியடித்ததும் மற்ற பெண்கள் வெளியே ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

கனகலட்சுமி பதினெட்டு வருஷமாகக் கிராம சுகாதாரச் செவிலியர். கம்பெனிகள் நிறைந்த வல்லம் வடகாலைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களுக்கு வியாழக்கிழமைதோறும் இரும்புச்சத்து மாத்திரை கொண்டுபோவாள். போன வருஷத்திலிருந்து மாத்திரையோடு ஒரு மணி நேரப் பாடமும் சேர்ந்துகொண்டது. உடம்பு எப்படி மாறுகிறது, கர்ப்பம் எப்படி உண்டாகிறது, யாராவது கட்டாயப்படுத்தினால் என்ன செய்வது.

வகுப்பில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி கிள்ளுவார்கள். கேள்வியெல்லாம் பிறகுதான். இப்படித் தனியாக, தோழியின் பேரில்.

அந்தத் தோழி யாரென்று அவளுக்குத் தெரியும். எப்போதும் எதிரில் நிற்பவள்தான். கனகலட்சுமி அதைத் திருத்தியதே இல்லை. அந்த மறைப்பு இல்லாவிட்டால் பாதிப் பேர் வாயே திறக்கமாட்டார்கள்.

"சொல்லும்மா. உன் ஃப்ரெண்டுக்கு இன்னா?"

இசைவாணி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிற ஒருத்தன். இருபத்துமூன்று வயசு. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வண்டியோடு வந்து நிற்பான். முதலில் ஜூஸ் வாங்கித் தந்தான். அப்புறம் போன் நம்பர் வாங்கினான். செவ்வாய்க்கிழமை செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டான். தோழி வண்டியில் ஏறிப் போனாள்.

"அவளுக்கு எதுனா ஆயிருக்குமா சிஸ்டர்?"

கனகலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

வண்டியில் போனதால் மட்டும் எதுவும் ஆகிவிடாது என்றாள். அதற்கு மேல் நடந்திருந்தால், அது அவன் செய்த குற்றம். பதினாலு வயசுப் பெண் சரி என்றே சொல்லியிருந்தாலும் சட்டத்தில் அவன்தான் குற்றவாளி. மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால் அவர்களால் நிறையச் செய்ய முடியும். அதனால் இன்றைக்கே போவது நல்லது.

ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு பொய் சொல்லமாட்டேன்மா. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆவணும். ஆனா உன்ன தனியா வுட்டுடமாட்டேன்."

'உன்ன' என்று வாய் தவறி வந்துவிட்டது.

இசைவாணி நிமிர்ந்தாள்.

"நான் இல்ல சிஸ்டர். நெசமாவே என் ஃப்ரெண்டுதான். சத்யப்பிரியா. ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல. போனும் எடுக்கல."

மீதியையும் அவளே சொன்னாள்.

"அவளுக்கு அவனப் புடிக்கல. போமாட்டேன்னுதான் சொன்னா. இன்னாடி இன்னும் பாப்பாவாவே கீறன்னு நாங்கதான் கிண்டல் பண்ணோம். போவலன்னா எங்ககூட சாப்புட உக்காராதன்னு சொன்னோம். நான்தான் சொன்னேன்."

தோழிகள் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது என்று அரை மணிக்கு முன்னால்தான் கனகலட்சுமி பாடம் எடுத்தாள். வற்புறுத்துகிற தோழியும் இதே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

திட்டலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மற்றவர்களெல்லாம் ஓடிப்போன பிறகு நின்றவள் இவள் ஒருத்திதான்.

தலைமை ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இசைவாணியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டாள். ஷிப்ட் விட்ட கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. சத்யப்பிரியா வீட்டுக்கு எங்கே திரும்புவது என்று பின்னாலிருந்து இசைவாணி சொல்லிக்கொண்டே வந்தாள்.

சத்யப்பிரியாவின் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தது அவளேதான். செவிலியரைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாள். பின்னால் நின்ற இசைவாணியைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினாள்.

கனகலட்சுமி மட்டும் உள்ளே போய், தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்டாள்.

அவன் ஒன்றும் செய்யவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் வயிறு வலிக்கிறது, வண்டியை நிறுத்து என்றாள். நிறுத்தியதும் இறங்கி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கே அவன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள்.

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அவன் நாளைக்கு வேறொரு பெண்ணிடம் போவான், அதனால் அம்மா வந்ததும் அவளை வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவோம் என்று கனகலட்சுமி சொன்னதற்கும் நேராகப் பார்த்துத் தலையாட்டினாள்.

இத்தனை தைரியமான பெண்ணா என்று கனகலட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அப்புறம் ஏன்மா ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல?"

சத்யப்பிரியா கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே நிற்பவளுக்குக் கேட்காதபடி, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏரிக்குப் போவாம பாதியிலயே வந்துட்டேன்னு அவளுங்களுக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாளுங்களோன்னுதான் சிஸ்டர்."