பலகையின் அடி வரி

"அடி வரிய மட்டும் விட்ருங்க மேடம். பழைய பலகை, சுரண்டுனா பேர்ந்துருமுங்க" என்று மூன்றாம் முறையாகச் சொன்னாள் வசந்தாமணி.

நாமக்கல் கடைவீதியில் மாமனார் நடத்திய காப்பி கிளப் இப்போது அவளுடைய வீடு. முகப்பில் மிஞ்சியிருந்த பெயர்ப்பலகையைப் பாதுகாக்க நகராட்சி முடிவெடுத்ததும் சொந்தபந்தமெல்லாம் போனில் வாழ்த்தியது. அடி வரிமேல் பச்சைப் பெயிண்ட் பூசியது ஏன் என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

"அந்த வரிக்காகத்தானுங்க இந்தப் பலகையவே கேட்டேன்" என்றாள் நகராட்சி அதிகாரி தனப்பிரியா.

பெயிண்ட் உதிர்ந்தது. 'சேரியாருக்குப் பின்வாசல்.'

வசந்தாமணிக்கு முகம் வெந்தது. "உங்களுக்கெப்படித் தெரியுமுங்க?"

"எங்கப்பா அந்தப் பின்வாசல்ல நின்னு குடிச்சவருங்க."

"ஐயோ, அதெல்லாம் அந்தக் காலம் சாமி! நாங்க இப்ப அப்படியெல்லாம் பாக்கறதில்லீங்க."

"சரிங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

வசந்தாமணி சமையலறைக்கு ஓடினாள். மேடையில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டிப்போன அவள் கை, அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கப்பை உருவியது.

உருவிய பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.