கவிழ்ந்து கிடந்த செருப்பு

பெரிய வியாழன் சாயங்காலம். தேவாலயத்துக்குள் ஆராதனை ஆரம்பித்துவிட்டது. வாசலில், அறுந்த வாருக்கு ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒன்று யாருடைய காலோ தட்டிக் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் சபைச் செயலாளரின் கறுப்பு ஷூ பளபளத்தது.

"கடவுள் உசரத்தில, சிம்மாசனத்தில இருக்கிறவர்," என்றது ஷூ. "அதனாலதான் நம்மள உள்ளே விடுறதில்ல. என்னையே பார்க்க மாட்டார், உன்னையா பார்க்கப்போறார்?"

"பார்ப்பார் அண்ணாச்சி," என்றது செருப்பு, மண்ணில் முகம் புதைந்தபடியே. "இடுப்பில துண்டைக் கட்டிக்கிட்டு, சீஷர்களோட காலைக் கழுவினவராச்சே. கால் வரைக்கும் குனியறவர் கண்ணில நாம படாமலா போவோம்?"

ஷூவுக்குச் சிரிப்பு வந்தது. "குனிஞ்சா அப்புறம் என்ன கடவுள்? எங்க ஐயா என்னை மாட்டுறதுக்குக்கூடக் குனிய மாட்டார். அதுக்கெல்லாம் ஆள் இருக்கு."

"அப்ப நீங்க இவ்வளவு நேரம் சொன்னது கடவுளை இல்ல அண்ணாச்சி, உங்க ஐயாவை."

ஷூ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆராதனை முடிந்தது. போதகருக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் பெரிய வியாழன் வழக்கப்படி சபையாரின் கால்களைக் கழுவும் பொறுப்பு இந்த வருஷம் செயலாளர் தலையில் விழுந்திருந்தது. முட்டியெல்லாம் நனைந்து அவர் வெளியே வந்தபோது, அன்னபாக்கியத்தம்மா ஈரக்காலோடு தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் சட்டென்று குனிந்தார். கவிழ்ந்த செருப்பை நிமிர்த்தி, அவள் காலடியில் வைத்தார்.

வாங்கி வந்த நாளிலிருந்து, ஷூ தன் ஐயாவின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.