மாரியப்பன் முடிச்சு

“இது என் முடிச்சே இல்ல!”

டிரெய்லரின் மேல் நின்றபடி மாரியப்பன் கத்தினான். எட்டாவதாக நின்ற பைக்கின் ஹேண்டில்பாரில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு அவன் கையில் இருந்தது.

கீழே டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஜெபசிங் நிமிரவில்லை.

“முடிச்சுல இன்னா மாமு உன்னுது என்னுது? இறுக்கமா கீதா? அத்தோட வுடு.”

“எப்டி வுடுறது? நான் கட்னா கயித்து வால எடப்பக்கம் சொருவுவேன். இத்தப் பாரு, நாய் வாலு மாதிரி வலப்பக்கம் தொங்குது. என் கயிறு நீலம், இது மஞ்சளு. எவனோ என் கட்ட அவுத்துட்டு வேற கட்டிக்கீறான்.”

ஜெபசிங் அடுத்த டயருக்குப் போனான்.

மாரியப்பன் பன்னிரண்டாவது வண்டிவரை போய்ப் பார்த்தான். கடைசி ஐந்திலும் மஞ்சள் கயிறு. காலடியில் கிடந்த சாக்கைக் கவிழ்த்தான். காலையில் எண்ணி எடுத்துவந்த நீலக் கயிறுகளில் பத்து, சுற்றியது சுற்றியபடியே விழுந்தன. அவிழ்த்தவன் சுருட்டி வேறு வைத்திருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!

காசிமேட்டில் அவன் அப்பா படகுக்குப் போட்ட முடிச்சு அது. அலை இழுக்க இழுக்க இறுகும். பைக்குகளை லாரியில் ஏற்றி அனுப்பும் திருவொற்றியூர் யார்டில் இருபது வருடமாக அதை அவன் பைக்குகளுக்குப் போடுகிறான். முன்சக்கரத்தைக் கட்டையில் முட்டவைத்து, ஷாக் அப்சார்பர் பாதி இறங்கும்வரை ஹேண்டில்பாரை அமுக்கி, பக்கத்துக்கு ஒரு கட்டு. அவன் கட்டி அனுப்பிய வண்டி ஒன்றுகூட வழியில் சாய்ந்ததில்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு பைக் கழன்று விழுந்தால், பின்னால் வருகிறவன் பிழைக்க மாட்டான். அதனால்தான் முதலாளி வேறு யாரையும் கட்டவிடுவதில்லை. அந்த வேலைக்குத்தான் யாரோ குறிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு மாதமாக இது நடக்கிறது. முதலில் ஒரு வண்டி, அப்புறம் இரண்டு. இன்றைக்கு ஐந்து. யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டுக் குடைந்துகொண்டிருந்தான். “இன்னாய்யா, எப்பப் பாத்தாலும் செவத்தையே மொறச்சிகினு குந்திக்கீற?” என்று மனைவி மங்கம்மாகூடக் கேட்டுவிட்டாள்.

மாரியப்பன் மேலிருந்து ஜெபசிங்கை எட்டிப் பார்த்தான். “மஞ்சக் கயிறு உன் கேபின்லதான மாமு கீது?”

“ஆமா.”

“அப்ப நீதான் கட்டுன.”

“ஆமா. நான்தான் கட்டுனேன்.”

மறுப்பான் என்றுதான் மாரியப்பன் நினைத்திருந்தான். மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“இருவது வருசத்து தோஸ்துடா நீ. உன் மச்சான் ரோஷனுக்கு வேல வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. என் கட்ட அவுத்துப்போட்டுத்தான் வாங்கணுமா?”

“நான் ஒண்ணியும் அவுக்கல மாமு.”

“அவுக்காம எப்டிடா அதே எடத்துல திரும்பக் கட்டுவ?”

மதிலுக்கு அப்பால் ஒரு கூட்ஸ் ரயில் போயிற்று. அவிழ்க்கவில்லை, ஆனால் கட்டினான். மாரியப்பன் அந்த இரண்டையும் மனசுக்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை.

ஆபீஸ் வாசலுக்கு மலர் வந்தாள். யார்டில் பில் போடுகிறவள்.

“மாரிண்ணா, இன்னா சத்தம்? மொதல்ல போயி சாப்புடு.”

“இன்னாத்த சாப்புடுறது? டப்பாவத் தொறந்தா காலி. அத்தியும் எவனோ துன்னுட்டு, கழுவிக் கவுத்து வெச்சிக்கீறான். ரொம்ப நல்லவன்!”

மலர் சிரிக்கவில்லை.

மாரியப்பன் டிரெய்லரிலிருந்து குதித்து இறங்கி வந்தான். “யார்டு கேமரா உன் போன்ல தெரியுதுல்ல? காட்டு. எவன் அவுத்தான்னு இப்பவே பாத்துடலாம். முதலாளி வந்ததும் அவராண்டயும் காட்டணும்.”

“வேணாண்ணா.”

“ஓகோ. நீயும் கூட்டா?”

மலர் ஜெபசிங்கைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“எத்தினி நாளிக்கி மறைக்கிறது? காட்டு மலரு.”

போனில் ஓடிய படத்தில் பகல் பதினொன்றரை மணி. டிரெய்லரின் மேல் மாரியப்பன் மட்டும் இருந்தான். எட்டாவது வண்டி. ஹேண்டில்பாரை முழங்கையால் அமுக்கினான். கை பாரைச் சுற்றி வந்தது, கொக்கிக்கு அடியில் போனது, இழுத்தது, இறுக்கியது, வாலை இடப்பக்கம் சொருகியது. பிறகு அவன் அடுத்த வண்டிக்கு நகர்ந்தான்.

“பாத்தியா? எப்டிக் கட்டிக்கீறேன், பாத்தியா?” மாரியப்பன் ஜெபசிங் பக்கம் திரும்பினான். “செரி, அவுக்குற எடத்துக்கு ஓட்டும்மா.”

மலர் ஓட்டவில்லை. படத்தை மறுபடி முதலிலிருந்து விட்டு, இரண்டு விரலால் அவன் கைகளை மட்டும் பெரிதாக்கினாள்.

அந்த விரல்கள் ஒரு சுற்றில்கூடப் பிசகவில்லை. அவற்றுக்கு நடுவில்தான் கயிறு இல்லை.