தலைவரின் விலா எலும்பு

மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா குத்தியது. கண்ணையும் வாயையும் விட்டு முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

“ஜன்னல்ல நின்னு ஒரு தடவை கையைக் காட்டிடுங்க சார். தி.நகர் ரோடே அடைச்சுப் போச்சு,” என்றார் மேனேஜர்.

நர்ஸ் பிடித்துக்கொள்ள, அவர் எழுந்து கையை அசைத்தார். “தலைவா” என்று தெருவே அலறியது. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் தரையில் விழுந்து கும்பிட்டான்.

“அவன்தான் உங்க எலும்பு கூடணும்னு வடபழனி முருகனுக்கு மொட்டை வேண்டியிருக்கான் சார். டிவியில காட்டுனாங்க,” என்றாள் நர்ஸ்.

அவள் வெளியே போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“போதும், படு முருகையா. ஹீரோ வெள்ளிக்கிழமை மாலத்தீவுல இருந்து வந்துடுவாரு. படம் ரிலீஸும் அன்னிக்குத்தான். அவருக்காக டூப் போட்டு மாடியில இருந்து குதிச்சவன், அவருக்காகப் படுக்க மாட்டியா?”

“படுக்கறேன் சார். அந்த மஞ்ச சட்டை என் மச்சான் டில்லிபாபு. அவனாண்ட மட்டும் சொல்லிக்கிறேனே.”

“வாயைத் திறந்தா அடுத்த படத்துல நீ இல்ல.”

வெள்ளிக்கிழமை ஹீரோ முன்வாசலில் நின்று, “லேசான சுளுக்குதான், எலும்பெல்லாம் உடையல,” என்று பேட்டி கொடுத்தார். முருகையன் முகக் கட்டைப் பிரித்துவிட்டு, பின்வாசல் வழியாக ஆட்டோ பிடித்துப் பட்டினப்பாக்கம் போனான்.

“இன்னா மாமா, தலைவர் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தாரு, நீ அவுட்டோர் ஷூட்டிங்ல சுத்திக்கினு இருந்த. நல்லவேளை, எலும்பே உடையலையாம். என் முடி தப்பிச்சுது,” என்றான் டில்லிபாபு.

முருகையன் கையை நீட்டினான். மணிக்கட்டில் தலைவர் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிப் பட்டை.

“உடைஞ்சுது மச்சான். கூடிக்கினு வருது. முருகனுக்கு உன் மொட்டை பாக்கி கீது.”